ஈயமும் இறகும் நூலும்: சொந்தமாக ஜிக் கட்டப் பழகுவோருக்கு

வடக்குக் கரையில் ஒருவரின் வலை அறுந்து போனால் இழப்பு அந்த வலையோடு முடிவதில்லை. வலைக்குப் பட்ட கடன், அன்றைய மண்ணெண்ணெய்க் காசு, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாம் சேர்ந்துதான் போகின்றன. எல்லை தாண்டி வரும் இழுவைமடிப் படகுகள் இரவில் வலைகளை வாரிக்கொண்டு போவது எங்களுக்குப் புதிய செய்தியல்ல. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பின்னும் அது நின்றுவிடவில்லை. பிறகு 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. அப்போது வலை வைத்திருந்தவர்களிலும் பலர் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த நாட்களில் எங்கள் முல்லைத்தீவுக் கரையில் கைத்தூண்டிலுக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். கைத்தூண்டிலுக்கு எரிபொருள் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். ஆனால் இரைக்கும் காசு வேண்டும். இறாலும் சூடையும் விலை ஏறிய பிறகு, இரை இல்லாமல் மீன் பிடிக்கும் வழியைத் தேடினோம். அப்படித்தான் ஜிக் கட்டும் வேலை என் கைக்கு வந்தது. அதைப் புதிதாகப் பழக விரும்புகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜிக் என்றால் என்ன?

தூண்டில் முள்ளின் தலைப்பக்கத்தில் ஈயத்தைப் பொருத்தி, அதன் பின்னால் இறகோ மயிரோ இழையோ கட்டினால் அது ஜிக். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தனியாகவும் முள் தனியாகவும் இருக்கும். ஜிக்கில் இரண்டும் ஒன்று. அதனால் நூலைச் சுண்டி இழுத்தால் ஜிக் மேலே எழும், விட்டால் தலைகுப்புறக் கீழே விழும். காயம்பட்ட சின்ன மீனும் தாவி ஓடும் இறாலும் தண்ணீரில் அசைவது இப்படித்தான். பாரை, கலவாய், கொடுவா, விளைமீன், சீலா எல்லாம் இந்த அசைவைக் கண்டுதான் பாய்கின்றன.

கடைகளில் கிடைக்கும் ஜிக்குகள் பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது அவற்றின் விலையும் கூடவே போனது. பாரில் சிக்கி இரண்டு அறுந்தால் அன்றைய உழைப்பு போய்விடும். சொந்தமாகக் கட்டியது அறுந்தால் போவது ஒரு முள்ளும் கொஞ்ச ஈயமும்தான். அந்தத் துணிவு இருந்தால்தான் மீன் இருக்கிற பாரின் இடுக்குக்குள் ஜிக்கை இறக்க மனம் வரும்.

கிடைத்ததைக் கொண்டு செய்துகொள்வது எங்கள் சனத்துக்குப் புதிதுமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள்.

தேவையான பொருட்கள்

வலை திருத்துகிற வீட்டில் இவற்றில் பாதி ஏற்கனவே இருக்கும்.

முள்: தண்டு சற்று நீளமான, கண் உள்ள தூண்டில் முள். முள்ளின் இலக்கங்கள் புதியவர்களைக் குழப்பும். 1, 2, 4, 6 என்று இலக்கம் கூடக்கூட முள் சிறியதாகும். 1/0, 2/0, 3/0 என்று போகும்போது பெரியதாகும். பழகுவதற்கு 1/0 அல்லது 2/0 நல்லது. கையில் பிடித்து வேலை செய்யலாம், நடுத்தர மீனுக்கும் தாங்கும்.

ஈயம்: வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயம் போதும். ஒன்றின் நிறை தெரியாவிட்டால், ஒரு டசின் ஈயத்தைக் கடைத் தராசில் நிறுத்து 12ஆல் பிரியுங்கள்.

நூல்: உறுதியான நைலோன் தையல் நூல், அல்லது வலை திருத்தும் மெல்லிய நூல். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் உக்கிவிடும்.

வால்: சேவலின் கழுத்து இறகு, வெள்ளாட்டு மயிர், உரப்பையிலிருந்து பிரித்த இழை, எதுவும் சரி. பழைய சீலையின் சரிகை நூல் இரண்டு மூன்று சேர்த்தால் சூடை மீனின் பளபளப்பு வரும். இறகைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தென்னந்தும்பு விறைப்பானது, தண்ணீரில் அசையாது. அதைத் தவிருங்கள்.

கருவிகள்: ஒரு குறடு, கூரான கத்தரிக்கோல், நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ். குறட்டின் கைப்பிடியைச் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இறப்பர் பட்டியால் இறுகச் சுற்றினால், அதன் வாய் முள்ளைத் தானாகவே கவ்விப் பிடித்திருக்கும். அந்தக் குறட்டை மேசை ஓரத்தில் கட்டிவிட்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். ஒரு கை மட்டும் உள்ளவருக்கும் இது உதவும்.

ஈயம் தேடும்போது கவனம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கள் மண்ணில் உலோகம் தேடுவது மற்ற ஊர்களில் தேடுவது போலல்ல. கரையிலோ களப்பிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் எந்த உலோகத்தையும் ஈயத்துக்காக எடுக்காதீர்கள். ரவை, கோது, உருளை, துருப்பிடித்த பெட்டி எதுவாக இருந்தாலும் தொடவேண்டாம். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன் பிறகும் வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி தொடர்ந்திருக்கிறது. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்களை எங்கள் ஊர்கள் அறியும். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். ஒரு தூண்டில் முள்ளுக்கு வேண்டிய ஈயம் அந்த ஆபத்துக்குப் பெறுமதியானதல்ல.

இரண்டாவது, வாகனப் பற்றரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். உள்ளே அமிலமும் ஈயத் தூளும் இருக்கின்றன. வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்கவும் வேண்டாம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். இங்கே நான் சொல்லும் முறைக்கு உருக்கவே தேவையில்லை.

மூன்றாவது, ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் எங்கள் கடற்றொழிலாளர் பலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள்.

கட்டும் முறை

எனக்கு இதைக் காட்டித்தந்தவர் போரில் ஒரு காலை இழந்த அண்ணை ஒருவர். கடலுக்குப் போக முடியாமல், வாடிக்குள் இருந்து மற்றவர்களுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பார். "முதல்ல நூலை இறுக்கப் பழகும் தம்பி, வடிவெல்லாம் பிறகு" என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். ஜிக் கட்டுவதில் முக்கால்வாசி வேலை அதுதான். நூல் தளர்ந்திருந்தால் எவ்வளவு வடிவான இறகும் இரண்டாவது மீனோடு கழன்றுவிடும். நூலை அறுந்துபோகும் எல்லைக்குச் சற்றுக் குறைவாக இழுத்தபடியே சுற்றவேண்டும். அந்த எல்லை எது என்று அறிய, தொடங்குமுன் நூலை வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை இழுத்து அறுத்துப் பாருங்கள். கைக்கு அளவு பிடிபடும்.

முதலாவது, அடிச்சுற்று. முள்ளின் வளைவைக் குறட்டில் கவ்வவிடுங்கள். நூலின் நுனியைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, அந்த நுனிக்கு மேலாகவே ஆறேழு சுற்றுச் சுற்றினால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். பிறகு கண்ணிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றித் திரும்பி வாருங்கள். வெறும் கம்பியில் எதுவும் வழுக்கும். இந்த நூல் படுக்கையில்தான் ஈயமும் இறகும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஈயம். வலை ஈயத்தை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் கீறிப் பிளந்து, கண்ணுக்கு 3 மில்லிமீற்றர் பின்னால் தண்டில் வைத்துக் குறட்டால் நெரியுங்கள். முள்ளின் நுனி தண்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஈயத்தின் பெரும்பகுதி இருக்கவேண்டும். அப்படி வைத்தால் தண்ணீரில் பாரமான பக்கம் கீழே போகும், முள்ளின் நுனி மேலே திரும்பும். நுனி மேலே பார்க்கிற ஜிக் பாரிலும் சாதாழையிலும் சிக்குவது குறைவு. மீனின் மேல் வாயிலும் நன்றாக ஏறும். ஈயத்தின் முன்னும் பின்னும் நூலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, அது உருளாதபடி பூட்டுங்கள்.

மூன்றாவது, வால். ஈயத்துக்குப் பின்னால் தண்டில் மிஞ்சியிருக்கும் இடத்தில் இறகுகளை வைத்துக் கட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு நீள இறகும் நடுவில் ஒரு சிட்டிகை மயிரும் போதும். முழு ஜிக்கின் நீளம் முள்ளின் நீளத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டவேண்டாம். வால் நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இறகை அள்ளி வைத்துக் கட்டுவார்கள். அடர்த்தி கூடினால் ஜிக் மெதுவாகத் தாழும், அசைவும் செத்துப்போகும். கையில் பார்க்க மெலிவாக இருப்பது தண்ணீரில் சரியாக இருக்கும்.

நான்காவது, முடிப்பு. கயிற்று நுனி பிரியாமல் சுற்றிக் கட்டத் தெரிந்தவருக்கு இது தெரிந்த வேலைதான். ஒரு சாண் நீளத் தனி நூலை இரண்டாக மடித்து, மடிப்பு வளையம் வெளியே நிற்கும்படி தண்டில் படுக்க வையுங்கள். அதன் மேலாக, கட்டிக்கொண்டிருக்கும் நூலால் ஆறேழு இறுக்கமான சுற்றுகள். பிறகு கட்டும் நூலை வெட்டி, அதன் நுனியை வளையத்துக்குள் விட்டு, தனி நூலின் இரண்டு நுனிகளையும் பிடித்து இழுங்கள். நுனி சுற்றுகளுக்கு அடியில் புகுந்து புதைந்துவிடும். மிச்சத்தை வெட்டுங்கள்.

ஐந்தாவது, பூச்சு. நூல் தெரியும் இடங்களில் கியூட்டெக்ஸ் பூசிக் காயவிட்டு, இன்னொரு தடவை பூசுங்கள். ஈயத்தின் மேலும் பூசிவிட்டால் கையில் ஈயம் படுவது குறையும். வேண்டுமானால் ஈயத்தின் இரு பக்கமும் கறுப்புப் புள்ளி வைத்துக் கண் வரையலாம்.

முதலாவது ஜிக்குக்கு ஒரு மணித்தியாலம் போகும். பத்தாவதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கலாம்.

வாளியில் ஒரு சோதனை

கடலுக்குக் கொண்டு போகுமுன் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஜிக்கைத் தங்கூசியில் கட்டி இறக்கிப் பாருங்கள். முள்ளின் நுனி மேலே பார்க்கிறதா? தூக்கி விடும்போது இறகு மூச்சு விடுவது போல விரிந்து ஒடுங்குகிறதா? சுழலாமல் நேராக விழுகிறதா? சுழன்றால் ஈயம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, குறட்டால் திருத்துங்கள். கடைசியாக முள்ளை ஒரு மரக்கட்டையில் கொழுவி, துணி சுற்றிய கையால் நூலைப் பலமாக இழுத்துப் பாருங்கள். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈயமும் வாலும் அசையாவிட்டால் அந்த ஜிக் கடலுக்குத் தயார்.

கடலில்

நிறையைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். களப்பிலும் இடுப்பளவு நீரிலும் 5 முதல் 7 கிராம் போதும். 5 மீற்றர் ஆழத்துக்கு 10 கிராம் அளவில் தொடங்கலாம். 10 மீற்றரும் நீரோட்டமும் என்றால் 20 கிராம் வரை வேண்டும். ஜிக் அடியைத் தொடுவது கைக்குத் தெரியவேண்டும். தெரியாமல் நூல் சாய்ந்து போனால் பாரத்தைக் கூட்டுங்கள்.

தங்கூசி 0.40 அல்லது 0.50 மில்லிமீற்றர் தடிப்பு சரி. அதை முள்ளின் கண்ணில் இறுக்கிக் கட்டாமல், சின்ன வளையம் விட்டுக் கட்டவேண்டும். அப்போதுதான் ஜிக் சுதந்திரமாக அசையும். தங்கூசியில் முதலில் ஒரு தளர்ந்த ஒற்றை முடிச்சுப் போடுங்கள். நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு எடுத்து, அதே முடிச்சுக்குள், வந்த பக்கமாகவே திருப்பி விடுங்கள். பிறகு தாய் நூலை நாலைந்து தடவை சுற்றி, மறுபடியும் அந்த முடிச்சுக்குள் நுனியை விட்டு, தண்ணீரில் நனைத்து இறுக்குங்கள். சீலா திரியும் இடமென்றால் முன்னால் ஒரு சாண் மெல்லிய உருக்குக் கம்பி போடவேண்டும். அதன் பல் தங்கூசியைக் கத்தி போல வெட்டும்.

ஜிக்கை அடி வரை தாழவிட்டு, கையை ஒரு முழம் அளவுக்கு உயர்த்தி, பிறகு நூல் முழுதாகத் தொய்யாதபடி கூடவே இறக்குங்கள். பெரும்பாலான கடி ஜிக் விழும்போதுதான் வரும். நூலைத் தளரவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கடி கைக்குத் தெரியாது. விடியற்காலையும் பொழுதுபடும் நேரமும் நல்லவை. நந்திக்கடலுக்கு வட்டுவாகலிலும், நாயாற்றிலும் கொக்கிளாயிலும் மாரியில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், தண்ணீரோடு சின்ன மீனும் இறாலும் வெளியே வரும். அவற்றைத் தேடிப் பெரிய மீன் வாசலில் நிற்கும். ஆனால் முகத்துவாரத்தின் ஓட்டம் ஆளையும் இழுக்கும். இடுப்புக்கு மேல் இறங்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சிவப்பு சில மீற்றர் ஆழத்திலேயே மங்கிவிடும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு என்று இரண்டு வைத்திருந்தால் தொடங்குவதற்குப் போதும். பிள்ளைகள் கூட வந்தால் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையில் ஏறினாலும் இலகுவாகக் கழற்றலாம். வீடு வந்ததும் ஜிக்கை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் முள் துருப்பிடிக்கக் காலம் எடுக்கும். களப்பில் புதிதாகத் தூண்டில் போடுகிறவர்கள் அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. இறங்கு இடங்களுக்கும் வலை கட்டும் இடங்களுக்கும் அவர்களிடம் ஒழுங்குகள் இருக்கும்.

இது எதற்கு ஈடு, எதற்கு ஈடல்ல

ஜிக் ஒரு வலைக்கு ஈடல்ல. ஒரு நல்ல நாளில் வீட்டுக் கறிக்கும் கொஞ்சம் விற்கவும் மீன் வரும், பல நாட்கள் ஒன்றும் வராது. இழுவைமடியில் வலையைக் கொடுத்தவருக்கு நட்டஈடு வேண்டும், கடலில் அத்துமீறல் நிற்கவேண்டும் என்ற கோரிக்கைகளை எந்தத் தூண்டிலும் தீர்த்துவைக்காது. "கைத்தொழில் பழகிச் சமாளியுங்கள்" என்று சொல்லி அந்தக் கோரிக்கையை மூடிவிட யாருக்கும் உரிமையும் இல்லை.

ஆனால் வலை வரும் வரை காத்திருக்கும் மாதங்களிலும் அடுப்பு எரியவேண்டும். ஒரு சின்ன பிளாஸ்ரிக் பெட்டிக்குள் முள், ஈயம், நூல், இறகு எல்லாம் அடங்கிவிடும். பலமுறை இடம்பெயர்ந்த எங்களுக்கு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய தொழிலின் அருமை தெரியும். கடலுக்குப் போக முடியாதவரும் இதில் பங்கெடுக்கலாம். வலை ஊசி பிடித்துப் பழகிய பெண்களின் கை இதை ஆண்களை விட விரைவாகப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் கணவரை இழந்த இரண்டு அம்மாமார் இப்போது கட்டிக் கொடுக்கிறார்கள். கொண்டு போகிறவர்கள் காசாகவும் கொடுக்கிறார்கள், மீனாகவும் கொடுக்கிறார்கள்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்கள்தான் இதைப் பழக நல்ல காலம். பத்து முள் வாங்குங்கள். முதல் மூன்றைக் கட்டி, நூலை வெட்டி, பிரித்து, அதே முள்ளில் மறுபடியும் கட்டுங்கள். முள்ளும் ஈயமும் வீணாகாது, கைதான் பழகும். மற்ற ஏழையும் சோளகத்துக்குக் கட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தால், அவரையும் இருத்திக் குறட்டைக் கையில் கொடுங்கள்.